நியூட்ரலைத் தொடலாம்

நாள் 203 | 08:10
இடம்: மின்நிலையம், செவ்வாய்க் குடியிருப்பு 2. பணியில்: அமலி, மின்பராமரிப்பு. வேறு யாரும் இல்லை.

சூரியத் தகடுகளின் உற்பத்தி நேற்றைவிட நான்கு சதவீதம் குறைவு. காரணம் தூசி. மூன்றாம் வரிசைத் துடைப்பான் மறுபடி சிக்கிக்கொண்டது. வெளியே போய்க் கையால் எடுத்துவிட்டேன். பேட்டரி அறை வெப்பம் சரி. மெயின் லைன் சரி.

முன்பின் தெரியாத ஒருவர் படித்தாலும் புரியும்படி எழுத வேண்டும் என்பது பணிவிதி. ஆகவே: நிறுவனம் இந்தக் குடியிருப்புக்கு வைத்த பெயர் நீளமானது. நாங்கள் ஆறுவீடு என்போம். ஆறு உலோக வீடுகள், என்னையும் சேர்த்துப் பதினான்கு பேர். அங்கிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளி இந்த மின்நிலையம். பத்து நாளைக்கு ஒருமுறை இரண்டு நாள் இங்கே வந்து தங்கிப் பார்த்துவிட்டுப் போவேன். இருப்பது ஒரே வண்டி. அது நாளை என்னை அழைத்துப்போக வரும்.

தென்மேற்கு அடிவானம் பழுப்பாக இருக்கிறது.

நாள் 204 | 10:30
வண்டி வரவில்லை. புயல் வந்துவிட்டது. சன்னலுக்கு வெளியே பத்தடிக்கு மேல் தெரியவில்லை.

09:52-க்கு உற்பத்தி விழுந்தது. மெயின் லைன் தானாகவே துண்டித்துக்கொண்டது. அப்படித்தான் வடிவமைத்திருக்கிறோம். ஒவ்வொரு வீட்டின் கூரையிலும் அதற்கென்று தகடு, உள்ளே பேட்டரி, இன்வெர்ட்டர். மெயின் போனால் வீடு தன் காலில் நிற்கும். சிக்கனமாக இருந்தால் பத்துப் பன்னிரண்டு நாள் தாங்கும்.

ஆறு வீட்டையும் ரேடியோவில் கூப்பிட்டேன். எல்லாரும் நலம். வீடு 4-இலிருந்து சுயம்புலிங்கம் பேசினான். செடிக்கூடம் அவன் பொறுப்பு, ஊர் உடன்குடி. அவன் மனைவி முத்தரசிதான் இங்கே டாக்டர்.

“எக்கா, நீங்க அங்க மாட்டிக்கிட்டீங்கன்னு இங்க ஒரே சந்தோசமா இருக்கு. உங்க பங்கு தக்காளிய நான் தின்னுக்கிடுதேன்.”

நாள் 204 | 14:40
எனக்கு ஒரு கவலை. எழுதியே ஆக வேண்டும்.

மின்சாரம் பேஸில் போய் நியூட்ரலில் திரும்பும். எங்கோ ஒரு இடத்தில் அந்த நியூட்ரலை எர்த்தோடு கட்டிவைக்க வேண்டும். கட்டியிருந்தால்தான் ஒரு கருவியின் உடலுக்கு மின்சாரம் கசியும்போது அது திரும்பிப்போக வழி இருக்கும். கசிவு பிரேக்கர் அதை உணர்ந்து விழும். ஆள் பிழைப்பான். கட்டாவிட்டால் கசிவு நடந்தது யாருக்கும் தெரியாது. பிரேக்கர் விழாது, விளக்கு எரியும், மோட்டார் ஓடும், எல்லாம் நன்றாக இருப்பதுபோலவே இருக்கும்.

இங்கே மண்ணுக்கு ஈரமே கிடையாது. கம்பியை எத்தனை ஆழம் இறக்கினாலும் பயனில்லை. அதனால் எங்கள் எர்த் என்பது ஆறு வீட்டின் உலோக உடலையும் இந்த நிலையத்தையும் இணைக்கும் ஒரு செம்புப் பட்டை. நியூட்ரலை அதோடு கட்டிய முடிச்சு ஒன்றே ஒன்றுதான். அது இந்த அறையில், என் மேசைக்கு எதிரில் இருக்கிறது.

மெயின் துண்டித்தால் நியூட்ரலும் சேர்ந்தே துண்டிக்கும், இந்த முடிச்சு வீடுகளுக்கு இல்லை. ஒவ்வொரு இன்வெர்ட்டரும் தனக்குள் ஒரு ரிலேயால், அதாவது தானாக இயங்கும் சுவிட்சால், அந்த முடிச்சைப் போட்டுக்கொள்ள வேண்டும். ரிலே இருக்கிறது. ஆனால் அணைத்து வைத்திருக்கிறார்கள்.

குடியேறிய முதல் வாரம், மெயின் திரும்ப வந்த பிறகும் அந்த ரிலே இரண்டு நொடி விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த இரண்டு நொடியில் இரண்டு முடிச்சு. உடனே நிலையத்துப் பிரேக்கர் விழுந்தது. மென்பொருளில் சின்னத் திருத்தம் போதும். தலைமையகம் அதைச் செய்யவில்லை. ஆறு இன்வெர்ட்டரிலும் ரிலேயை அணைத்துவிடச் சொன்னது. ஆபத்து என்று நான் ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை, சான்றிதழ்தான் வந்தது. ‘பாதுகாப்பு இணைப்புகள் யாவும் சரிபார்க்கப்பட்டன.’ கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

யாரும் மிரட்டவில்லை. சாப்பாட்டு நேரமாகியிருந்தது. போட்டுவிட்டேன்.

நாள் 205 | 16:15
தலைமையகத்துக்குச் செய்தி: ரிலேயை இயக்க அனுமதி வேண்டும். இல்லையென்றால் இன்வெர்ட்டர்களை நிறுத்தித் திரும்ப ஓட்டுவதற்கான குறியீடுகள் வேண்டும். நிறுத்தி வைத்துக்கொண்டு கையால் ஒரு வயர் போட்டு முடிச்சைக் கட்டிவிடுவோம்.

அந்தக் குறியீடு பற்றி: மெயின் இல்லாத நேரத்தில் வீட்டுக்காரர் இன்வெர்ட்டரை அணைத்தால் அது திரும்ப ஓடாது. பூமியிலிருந்து எண் வர வேண்டும். யாரும் உள்ளே கைவைத்துவிடக் கூடாதாம். இன்வெர்ட்டர் நின்றால் காற்றுச் சுத்திகரிப்பும் நிற்கும்.

வீட்டுக்கு வீடு டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொன்னேன். வீடு 1, 2, 3, 5, 6: பேஸ், நியூட்ரல் இரண்டிலும் மங்கலாக எரிகிறது. முடிச்சு இல்லாவிட்டால் அப்படித்தான். வீடு 4: நியூட்ரலில் பளிச்சென்று எரிகிறது, பேஸில் எரியவில்லை. வயர் மாற்றிக் கொடுத்திருப்பார்கள் போல. பிறகு பார்க்கலாம்.

இங்கே ஹீட்டரைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். நேற்று மூன்று மணி நேரத் தூக்கம்.

நாள் 206 | 13:05
தலைமையகத்தின் பதில், சொல்லுக்குச் சொல்:

“உங்கள் கோரிக்கை பெறப்பட்டு உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது. அமைப்பு சான்றளிக்கப்பட்ட நிலையில் இருப்பதால் உடனடி அபாயம் கருதப்படவில்லை. சான்றளித்த பொறியாளரின் விளக்கத்தை இணைக்கவும்.”

சான்றளித்த பொறியாளர் நான்தான்.

குடியிருப்பு மேலாளர் கோதண்டராமன் வீடு 1-இலிருந்து பேசினார்.

“அமலி மேடம், இதெல்லாம் எல்லாரும் கேக்குற சேனல்ல பேசாதீங்க, ப்ளீஸ். ஜனங்க பயந்துடுவாங்க. நாலு நாள்ல புயல் போயிடும். அதுவரைக்கும் எதையும் நோண்டாம இருந்தாலே போதும்.”

விளக்கத்தை எழுதி அனுப்பினேன். ‘நான் கையெழுத்திட்டது தவறு’ என்று முதல் வரியிலேயே எழுதினேன். செயற்கைக்கோள் தொடர்பு நாளுக்கு இருமுறைதான் கிடைக்கிறது.

நாள் 207 | 11:20
குறியீடு வரவில்லை. வீடு 5-இல் பர்வீனின் தண்ணீர் பம்பு ஒழுகுகிறது. மோட்டார் உடலில் ஈரம். அணைத்து வைக்கச் சொன்னேன். ஒரு நாளைக்கு அணைக்கலாம். குடிக்கத் தண்ணீர் வேண்டாமா?

இனி எந்த வீட்டில் எந்தக் கருவி கசிந்தாலும் எந்தப் பிரேக்கரும் விழப்போவதில்லை. இதைத் தெரிந்துகொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

இன்வெர்ட்டரை நிறுத்தாமல், ஓடும்போதே வயரைப் போட முடியும். பூமியில் நானே பலமுறை செய்திருக்கிறேன். முதலில் வீடு 4. சுயம்புவுக்குக் கைவேலை சுத்தம். அவன் வீட்டில் செய்து பார்த்துவிட்டு மற்ற வீடுகளுக்கும் அவனையே அனுப்பலாம் என்று திட்டம்.

அவனிடம் கேட்டேன். “இதுக்குப் போயி இவ்வளவு யோசிக்கீங்க. காலைல செஞ்சிருவோம்” என்றான்.

நாள் 208 | 12:10
10:40 முதல் 10:58 வரை ரேடியோவில் பேசியது. பதிவிலிருந்து எழுதுகிறேன்.

சுயம்பு: “எக்கா, மூடியத் தெறந்துட்டேன். ரெண்டு நியூட்ரல் பட்ட தெரியுது. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு.”

நான்: “மேல உள்ளதுதான் நமக்கு வேணும், பிரேக்கருக்கு முன்னாடி உள்ளது. வலது ஓரம் செவப்பு வயர் வரும் பாருங்க, அது பேஸ். அதத் தொட்டுறாதீங்க.”

சுயம்பு: “அந்தப் பக்கமே போவல. ரப்பர் துண்டு ஒண்ண அது மேல மூடி வச்சிட்டேன்.”

நான்: “நல்லது. கையில என்ன போட்டிருக்கீங்க?”

சுயம்பு: “செடிக்குப் போடுத கையுறதான். லேசா ஈரமா இருக்கு. பரவால்லையா?”

நான்: “பேஸத் தொடாதவரைக்கும் பரவாயில்ல. நியூட்ரலத் தொடலாம், ஒண்ணும் செய்யாது.”

சுயம்பு: “சரிக்கா. எடது கையால செவத்தப் புடிச்சுக்கிடுதேன். இல்லன்னா குனிய முடியல.”

நான்: “சரி.”

அதற்குப் பிறகு அவன் குரல் இல்லை. என் ‘சரி’யைக் கேட்டதும் ரேடியோ பொத்தானை அழுத்தியபடி டேப் ஒட்டிவிட்டான், இரண்டு கையும் வேண்டுமென்று. அதனால் எல்லாம் கேட்டது. நான் பேசினால் அங்கே கேட்காது. கத்திக்கொண்டே இருந்தேன்.

முத்தரசியின் குரல்: “என்னங்க? ஏங்க? ஏங்க!” பிறகு இன்வெர்ட்டர் சுவிட்சை அவள் இழுத்துப்போடும் சத்தம். எந்தப் பிரேக்கரும் விழவில்லை. அவளேதான் அணைத்தாள்.

அவள் எண்ணுவது கேட்டது. முப்பது. மூச்சு. முப்பது. மூச்சு. வீட்டில் இருட்டு, காற்று ஓடவில்லை. இருபது நிமிடத்துக்குப் பிறகு பக்கத்து வீட்டு ஆட்கள் வீடுகளை இணைக்கும் சுரங்க வழியாக வந்து அவனை வீடு 3-க்குத் தூக்கிப் போனார்கள். ரேடியோ அங்கேயே கிடந்தது. காலியான வீட்டின் சத்தத்தை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

11:47. கோதண்டராமன்: “மேடம். சுயம்பு போயிட்டாரு.”

நாள் 208 | 17:50
குறியீடுகள் வந்துவிட்டன. ஆறு வீட்டுக்கும். ஆறு எண்கள், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம்.

“தாமதத்துக்கு வருந்துகிறோம்” என்றுகூட இல்லை. “கோரப்பட்டபடி.” அவ்வளவுதான்.

ஏழு மணி நேரம் முன்னால் வந்திருந்தால்...

நாள் 209 | 09:00
தூங்கவில்லை. எப்படி நடந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவன் பேஸைத் தொடவில்லை. அது உறுதி. அப்புறம் ஏன்?

இந்தக் குறிப்பேட்டைப் பின்னால் புரட்டினேன். நாள் 205. வீடு 4. நியூட்ரலில் பளிச்சென்று எரிகிறது, பேஸில் எரியவில்லை.

வயர் மாறவில்லை. அந்த வீட்டு வாட்டர் ஹீட்டராகத்தான் இருக்கும்; உள்ளே விரிசல் விட்டுப் பேஸ் அதன் உடலைத் தொட்டிருக்கிறது. முடிச்சு இருந்திருந்தால் அந்த நொடியே பிரேக்கர் விழுந்திருக்கும், அவன் ஹீட்டரைத் திட்டிவிட்டுப் பச்சைத் தண்ணீரில் குளித்திருப்பான். முடிச்சு இல்லை. அதனால் சத்தமில்லாமல் வீட்டுச் சுவர், தரை, குழாய் எல்லாம் பேஸாகிவிட்டன. சுவரே பேஸ் என்றால் நியூட்ரல்தான் கொல்லும். ஒரு கை சுவரில். மறு கை மேல் பட்டைக்குப் போகும் வழியில் கீழ்ப்பட்டையில் பட்டிருக்கிறது. போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் பிரேக்கர் வழியாகவே சமமாக ஓடின. அதற்கு ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது.

சாவதற்கு மூன்று நாள் முன்பு அந்தச் சேதியை அவனே டெஸ்டரால் பார்த்து என்னிடம் சொன்னான். நான் ‘பிறகு பார்க்கலாம்’ என்று எழுதினேன். பிறகு மறந்துவிட்டேன். பிறகு ‘சரி’ என்றேன்.

கையெழுத்துப் போட்டதை மட்டும் சொல்லி நிறுவனத்தைத் திட்டிக்கொண்டிருக்கலாம். இந்த வரியை அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அழிக்கவில்லை.

நாள் 209 | 15:30
முத்தரசியைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். டெஸ்டர் விஷயத்தையும். முடித்த பிறகு கேட்டாள்:

“அவர் சொன்னத நீங்க எழுதி வச்சிருந்தீங்க?”

“ஆமா.”

“எழுதி வச்சுட்டு மறந்துட்டீங்க.”

“ஆமா.”

பிறகு சொன்னாள்: “மத்த அஞ்சு வீட்டுக்கும் வயர் போடணும்ல. எப்படிப் போடணும்னு சொல்லுங்க. நான் போடுறேன்.”

வேறு யாராவது செய்யட்டும் என்றேன். “யாரும் பொட்டியப் பக்கத்துல போய்ப் பாக்கக்கூட மாட்டேங்கிறாங்க. சொல்லுங்க” என்றாள்.

இன்வெர்ட்டரை அணை. இரண்டு நிமிடம் காத்திரு. டெஸ்டர் வை. எரியவில்லையா? இரண்டு முறை பார். மேல் பட்டைக்கும் எர்த் பட்டைக்கும் நடுவே வயர். திருகு. எண்ணைப் போடு. ஓட்டு. ஒவ்வொரு வீட்டிலும் பதினொரு நிமிடம்.

வீடு 5-இல் ஓட்டிய உடனே கசிவு பிரேக்கர் விழுந்தது. பர்வீனின் பம்பு. முடிச்சு தன் வேலையைச் செய்தது. பம்பைக் கழற்றினார்கள்.

கடைசியாக வீடு 4. ஹீட்டர் வயரை வெட்டிவிட்டு அங்கேயும் வயர் போட்டாள். திருகு இறுகும் சத்தம் மட்டும் கேட்டது.

நாள் 211 | 12:40
இங்கே உள்ளே நான்கு டிகிரி. பேட்டரி அறைக்கே சூட்டைக் கொடுக்கிறேன். மெத்தை உறையைப் போர்த்திக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணினால் காரணம் அதுதான்.

தலைமையகத்திலிருந்து அறிக்கை ஒன்று. என் கையெழுத்துக்காக.

“அங்கீகாரம் இல்லாமல் குடியிருப்பாளர் மின்பெட்டியைத் திறந்ததே விபத்துக்குக் காரணம். அமைப்பில் குறைபாடு இல்லை.”

கோதண்டராமன் தனிச் சேனலில் வந்தார். “மேடம், செத்தவர் திரும்பி வரப்போறதில்ல. உங்களையும் சேர்த்துத்தான் இது காப்பாத்துது. அவர் திறந்தாருங்கிறது உண்மைதானே? பொய் ஒண்ணும் இல்லையே?”

“நான்தான் திறக்கச் சொன்னேன்.”

“அது ரேடியோ பதிவுல மட்டும்தான் இருக்கு.”

பதிவை அழித்துவிடலாம் என்கிறார். அறிக்கையைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்பினேன். பிறகு எல்லாரும் கேட்கும் சேனலைத் திறந்து நாள் 203-லிருந்து இந்தக் குறிப்பேட்டை வாசித்தேன். ஒரு வரி விடாமல். வீடு 5-இல் பர்வீன் ரெக்கார்டரைப் போட்டுக்கொண்டாள் என்று பிற்பாடு சொன்னாள். கோதண்டராமன் நடுவில் மூன்று முறை “ஸ்டாப் பண்ணுங்க” என்றார்.



நாள் 214 | 10:15
புயல் நின்றுவிட்டது. வானம் தெளிவு. பதினோரு நாளுக்குப் பிறகு ஆறு வீட்டின் கூரைகளும் தெரிகின்றன. உற்பத்தி அறுபது சதவீதம், ஏறுகிறது.

தலைமையக உத்தரவு: வீடுகளில் போட்ட வயர்களை நீக்கவும். ரிலேக்கள் பழைய நிலையிலேயே இருக்கட்டும். மெயின் லைனை இன்று மாலைக்குள் இணைக்கவும். மாதிரிக் கற்களை உருக்கும் உலை பத்து நாளாக நிற்கிறது.

வயர்களை நீக்காமல் மெயினைப் போட முடியாது, உண்மைதான். ஏழு முடிச்சு ஒன்றாக இருந்தால் பிரேக்கர் நிற்காது. ஆனால் நீக்கிவிட்டு மெயினைப் போட்டால் ஆறுவீடு நாள் 203-க்குத் திரும்பிவிடும். அடுத்த புயல் வரும். யாரோ ஒருவர் ஈரக் கையோடு குனிவார். எனக்கும் அப்போது வேறு வேலை இருக்கும், மறந்திருப்பேன்.

வீடுகளுக்கு இப்போது மெயின் தேவையில்லை. கூரை வெயிலே போதும். மெயின் தேவைப்படுவது உலைக்கு.

மெயின் சுவிட்சின் கைப்பிடியை இறக்கி, அதன் கொக்கியில் என் பூட்டை மாட்டினேன். வேலை நடக்கும்போது மாட்டுகிற பூட்டு, ‘போடாதே, ஆள் வேலை செய்கிறார்’ என்ற சிவப்பு அட்டையோடு. அட்டையில் பெயர் எழுத ஒரு இடம் உண்டு. அமலி என்று எழுதினேன். தலைமையகத்துக்கு ஒரே வரி: ரிலே மென்பொருளைத் திருத்தி அனுப்புங்கள், சோதித்துப் பார்த்துவிட்டுத் திறக்கிறேன்.

பூட்டிய பிறகு பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. பசித்தது. அவ்வளவுதான்.

நாள் 215 | 14:05
பதில்: “பொறியாளர் அமலி பணியிலிருந்து நீக்கப்படுகிறார். நிலையத்தை மேலாளர் பொறுப்பேற்பார். பூட்டை உடைக்க அனுமதி வழங்கப்படுகிறது.”

அவசர இருப்பு உணவு இன்னும் இரண்டு நாளுக்குத்தான் வரும். ரேடியோவில் கூப்பிட்டேன். யாரும் எடுக்கவில்லை. கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன்.

ஆறுவீட்டிலிருந்து வண்டி புறப்பட்டிருக்கிறது. தூசி எழும்புவது தெரிகிறது. கோதண்டராமனாகத்தான் இருக்கும், வெட்டும் கருவியோடு. சுவிட்சுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பெரியவர் அவர், என்னைத் தள்ளிவிடுவாரா தெரியவில்லை.

நாள் 215 | 14:50
வெளிக்கதவில் தட்டுகிறார்கள். கதவுப் பேசியில் கேட்டது முத்தரசியின் குரல்.

“கதவத் தெறங்க. நான் மட்டும்தான் வந்திருக்கேன். வண்டிய சொல்லாம எடுத்துட்டு வந்துட்டேன்.”

ஏன் வந்தாய் என்று கேட்டேன்.

“உங்கள மன்னிச்சுட்டேன்னு சொல்றதுக்கு வரல. அது வருமான்னே தெரியாது.” ஏதோ உலோகத்தால் கதவில் தட்டினாள். “ஒரு பூட்டு கொண்டு வந்திருக்கேன். செடிக்கூடத்துல அவர் போடுற பூட்டு. அந்தக் கொக்கியில இன்னொண்ணு மாட்ட எடம் இருக்கா?”

இருக்கிறது. ஆறு துளை உண்டு.

நாள் 215 | 15:20
இரண்டு பூட்டு. அவள் அட்டையில் சுயம்புலிங்கம் என்று எழுதினாள். சாவியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். என் முகத்தை இன்னும் பார்க்கவில்லை.

கோதண்டராமன் ரேடியோவில் கத்திக்கொண்டிருக்கிறார். பர்வீன் நடந்தே கிளம்பிவிட்டாளாம், கையில் பூட்டோடு. நான்கு கிலோமீட்டர். அவளுக்குக் காற்று போதுமா என்று முத்தரசி கணக்குப் போடுகிறாள்.

போதாது. வண்டியை எடுத்துக்கொண்டு எதிரே போகிறோம். இரண்டு பூட்டும் கொக்கியிலேயே இருக்கும்.